பிடிபடுவது பெடியள் மட்டும்தானா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போதைப்பொருளோ வாள்வெட்டோ இல்லாமல் யாழ்ப்பாணச் செய்திப் பக்கம் வெளிவரும் நாள் அரிதாகிவிட்டது. இத்தனை கிராம் ஐஸ் போதைப்பொருளுடன் இளைஞன் கைது, இத்தனை கிலோ கேரளக் கஞ்சா கரையில் மீட்பு என்று வாசிக்கிறோம். கரையில் பொதி அகப்படுகிறது. பணம் போட்டவர் அகப்படுவதில்லை. விடிகாலையில் தொழிலுக்குப் போகும் வள்ளம் கடற்படையின் கண்ணுக்குத் தப்பாது. பொதி ஏற்றிவரும் படகு மட்டும் எப்படித் தப்புகிறது என்று கரையோரச் சனம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தென்கடலில் பலநாள் படகுகளை மறித்து நூற்றுக்கணக்கான கிலோ ஹெரோயினும் ஐஸும் பிடித்ததும் இதே கடற்படைதான்.

எங்கள் ஊரில் ஒரு தகப்பன், ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகளுக்கு ஒழுங்கை முடக்கில் நின்று விற்கிறார்கள் என்று பொலிஸில் முறையிட்டார். அடுத்த நாள் இரவே மோட்டார் சைக்கிள்களில் முகத்தை மூடி வந்தவர்கள் படலையை வாளால் கொத்தி, யன்னல் கண்ணாடிகளை உடைத்து, முற்றத்தில் நின்ற அவரது வாகனத்துக்கும் நெருப்பு வைத்துவிட்டுப் போனார்கள். அவர் முறையிட்டது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? அதன்பிறகு அந்த ஒழுங்கையில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. தகவல் தாருங்கள் என்று மக்களைக் கேட்கும் அரசாங்கம், முதலில் தகவல் தந்தவரின் பெயர் வெளியே போகாது என்று உறுதிசெய்யட்டும்.

2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான பொலிஸாரின் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியது. ஒரு மாதத்துக்குள் 29,000 பேருக்கு மேல் கைதானார்கள். ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்தச் சொன்னார்கள். அதை முன்னின்று நடத்திய தேசபந்து தென்னகோன் 2025 ஓகஸ்டில் பாராளுமன்ற வாக்கெடுப்பால் பொலிஸ் மா அதிபர் பதவியிலிருந்தே நீக்கப்பட்டார். அத்தனை ஆயிரம் கைதுக்குப் பிறகும் 2025 பெப்ரவரியில் கொழும்பு அளுத்கடை நீதிமன்றத்துக்குள், நீதவானின் முன்னிலையில், சட்டத்தரணி உடையில் வந்த ஒருவர் பாதாளக் குழுத் தலைவன் கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டுக் கொன்றார். துப்பாக்கி புத்தகத்துக்குள் மறைந்து வந்தது. இப்போது 'முழு நாடுமே ஒன்றாக' என்ற புதிய போதைப்பொருள் ஒழிப்புத் திட்டம் நடக்கிறது. வெளிநாடுகளில் பதுங்கியிருந்த சிலரைப் பிடித்துக் கொண்டுவந்ததை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஊர்மட்டத்தில் இன்னும் பழைய கணக்குத்தான் ஓடுகிறது: எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்ற கணக்கு.

உள்ளே போகிறவர் யார் என்று பாருங்கள். 2 கிராம் ஹெரோயின், 2022 திருத்தத்தின்படி 5 கிராம் ஐஸ், இவற்றுக்கு மேல் கையில் இருந்தால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. தன் பாவனைக்குக் காசு தேட நாலு பேருக்கு விற்கும் பெடியனும், கடல்வழியே மூட்டை மூட்டையாக இறக்குகிறவனும் சட்டத்தின் முன் ஒன்றாகிவிடுகிறார்கள். இரசாயனப் பகுப்பாய்வு அறிக்கை வரும்வரை விளக்கமறியலில் கிடக்கும் பெடியன் அங்கேதான் பெரிய ஆட்களைப் பழகுகிறான். 1976 க்குப் பிறகு இந்த நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. தூக்கு வேண்டும் என்று மேடையில் முழங்குவதால் கடத்தல்காரன் பயப்படப் போவதுமில்லை.

பிள்ளையைத் திருத்தித் தாருங்கள் என்று அழும் தாய்க்கு நாம் எந்த இடத்தைக் காட்டுவது? அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் சிகிச்சை நிலையங்கள் நெடுங்காலமாகத் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ என்று எட்டாத தூரத்தில். கந்தகாடு புனர்வாழ்வு நிலையம் என்றாலோ, 2022 இல் அங்கு நடந்த மோதலும் நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதும்தான் பெற்றோருக்கு நினைவில் இருக்கிறது.

2024 நவம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 ஐ ஆளுங்கட்சிக்குக் கொடுத்தோம். அந்த மூவரும் பாராளுமன்றத்தில் எழுந்து, வடக்குக் கரையில் பிடிபட்ட பொதிகளுக்குப் பணம் போட்ட எத்தனை பேர்மீது வழக்குத் தாக்கலாகியிருக்கிறது என்ற விபரத்தைத் தங்கள் அமைச்சரிடமே கேட்டுப் பெற்றுத் தரவேண்டும். வடக்கின் மாவட்ட வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் போதைக்கு அடிமையானவர்களுக்கான சிகிச்சை விடுதிக்கு அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் நிதி ஒதுக்கச் செய்யவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வடமராட்சி.