பெல்ட் வேலை பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களாகப் புதுச்சேரி, கடலூர் வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றிவருகிறது. முதலியார்பேட்டைப் பட்டறையில் பைக்கின் பெல்ட்டை (செயினுக்குப் பதிலாகப் பின்சக்கரத்தைச் சுற்றுவது) ஒழுங்காக இறுக்க மாட்டார்கள், தொளதொளவென்று விட்டுவிட்டுக் காசு வாங்குவார்கள், பிறகு பேரிங் போய்விட்டது என்று இன்னொரு செலவு வைப்பார்கள் என்பது அதன் சாரம். கடையின் பெயர் அதில் இல்லை. ஆனால் பெல்ட் ஓட்டம் உள்ள பெரிய வண்டிகள் முதலியார்பேட்டையில் எங்கே வேலைக்கு நிற்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பலர் தொலைபேசியில் நேராகவே கேட்டுவிட்டீர்கள், அதற்கு நன்றி. சிலர் கேட்காமலே வருவதை நிறுத்தியிருக்கிறீர்கள். அவர்களையும் எண்ணித்தான் எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஹார்லி ஸ்ட்ரீட் 750 வண்டி ஒன்று பெல்ட் சோதனைக்கு வந்தது. தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள அளவுக்குத் தளர்வு வைத்து, சக்கரத்தை நேர்படுத்திக் கொடுத்தோம். உரிமையாளர் போகிற வழியில் வேறொரு பட்டறையில் காட்டியிருக்கிறார். அங்கே பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, 'இது என்ன இவ்வளவு தளர்வு?' என்று சொல்லி, இரண்டு பக்கமும் திருகி இறுக்கிவிட்டிருக்கிறார்கள். அதே நிலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் பலமுறை போய்வந்திருக்கிறார். பின்சக்கரத்திலிருந்து ஓர் இரைச்சல் எழத் தொடங்கியதும் வண்டி மறுபடி எங்களிடம் வந்தது. கையேடு சொல்லும் தளர்வில் பாதிகூட இல்லை. சரியான அளவுக்குக் கொண்டுவந்ததும் இரைச்சல் குறைந்தது, ஆனால் சக்கரத்தைக் கையால் சுற்றினால் புல்லிப் (பெல்ட் ஓடும் பல்சக்கரம்) பக்கத்துப் பேரிங் நறநறத்தது. அதை அவரிடம் சொன்னோம். அதன் பிறகு வந்ததுதான் அந்தக் குரல்பதிவு. அவர் மீது எனக்குக் கோபமில்லை. இரண்டு பட்டறைகள் இரண்டு விதமாகச் சொன்னால் வண்டிக்காரர் யாரைத்தான் நம்புவார்? ஆனால் 'தொளதொள' என்ற அந்தச் சொல்லை மட்டும் என்னால் கடந்துபோக முடியவில்லை. அதற்கு விளக்கம் கொடுத்தே ஆக வேண்டும்.

வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது பெல்ட் விரலுக்குச் சற்றுத் தளர்வாகத் தெரிய வேண்டும். அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கியர்பெட்டியிலிருந்து வரும் முன் புல்லியும், பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கையான ஸ்விங் ஆர்ம் திரும்பும் அச்சும் பெரும்பாலான வண்டிகளில் ஒரே இடத்தில் இல்லை. புல்லி சற்று முன்னால் இருக்கிறது. நீங்கள் சீட்டில் உட்கார்ந்ததும் பின்பக்கம் தாழ்கிறது, ஸ்விங் ஆர்ம் மேலெழுகிறது, புல்லியும் அச்சும் பின்சக்கரம் கோத்திருக்கும் ஆக்சிலும் ஏறக்குறைய ஒரே கோட்டுக்கு வருகின்றன. அந்த நிலையில்தான் இரண்டு புல்லிகளுக்கும் இடைப்பட்ட தூரம் மிக அதிகம், பெல்ட்டும் மிக இறுக்கம். பின்னால் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஒவ்வொரு முறையும் பெல்ட் இந்த இறுக்கத்தைக் கடந்துபோகிறது. ஓடச் சூடாகும் அலுமினியப் புல்லி கொஞ்சம் விரிவது தனிக்கணக்கு. இத்தனைக்கும் இடம் கொடுக்கத்தான் அந்தத் தளர்வு. நிற்கும்போதே விரலுக்கு விறைப்பாக இறுக்கிவைத்தால், ஓடும்போது மீதி இறுக்கம் எங்கே போகும்? பெல்ட் நீளாது. அதன் உள்ளே இருப்பது அராமிட் அல்லது கார்பன் இழை. அதனால் அந்த விசை முழுவதும் சக்கரப் பேரிங்கிலும் கியர்பெட்டியின் வெளித்தண்டுப் பேரிங்கிலும் இறங்குகிறது. சக்கரப் பேரிங்கை மாற்றுவது எளிது. கியர்பெட்டிப் பேரிங் போனால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும்.

அளவுக்கு மீறித் தளர்ந்தாலும் கேடுதான், அதை நான் மறுக்கவில்லை. திராட்டிலைத் திருகியதும் ஓர் உதறல் வரும், பல் தேயும், மோசமானால் பெல்ட் புல்லியில் பல் தாவும். எது அளவு, எது மீறல் என்பதை விரல் சொல்லாது. ஒவ்வொருவர் விரலும் ஒவ்வொரு பலம்.

அதனால்தான் கருவி. ஹார்லி வண்டிகளுக்கான வழிமுறை, பெல்ட்டின் கீழ்ப்பகுதியில் இரண்டு புல்லிகளுக்கும் நடுவில் 10 பவுண்டு விசை கொடுத்து, அதாவது சுமார் 4.5 கிலோ, அது எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று பார்ப்பது. நம் கடையில் இருப்பது ஸ்பிரிங் உள்ள கேஜ். தண்டில் ஒரு ரப்பர் வளையம் நகர்ந்து விசையைக் காட்டும். நகர வேண்டிய தூரம் மாடலுக்கு மாடல் வேறு. வண்டி பக்க ஸ்டாண்டில் இருக்க வேண்டுமா, நிமிர்ந்து நிற்க வேண்டுமா, மேலே ஆள் இருக்க வேண்டுமா என்பதையும் அந்தந்தக் கையேடுதான் சொல்லும். ஒரு வண்டியின் எண்ணை இன்னொன்றுக்குப் போட்டால் எல்லாம் பாழ். இரண்டு விஷயங்களை நாங்கள் எந்த வண்டிக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பெல்ட் ஆறியிருக்க வேண்டும். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, பெல்ட் மிக இறுக்கமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளக்க வேண்டும். புல்லி நூறு சதவீதம் வட்டமாக ஓடுவதில்லை, ஒரு சுற்றுக்குள்ளேயே அளவு மாறும். தளர்ந்த இடத்தில் அளந்து இறுக்கினால் இறுகிய இடம் கெட்டது. கடலூரிலிருந்து வெயிலில் ஓட்டிக்கொண்டு வந்து, 'பத்து நிமிடத்தில் பார்த்துக் கொடுங்கள்' என்று கேட்பவரை நாங்கள் காக்கவைப்பது இதனால்தான்.

அலைன்மென்ட், அதாவது சக்கரத்தை நேர்படுத்துவது, இதைவிட நேரம் தின்கிற வேலை. ஸ்விங் ஆர்மின் இரு பக்கமும் இருக்கும் கோடுகளை நம்பி ஆக்சிலை வைத்தால் பல வண்டிகளில் சக்கரம் மிகச் சிறிய அளவு கோணலாக நிற்கும். செயினாக இருந்தால் அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். அகலமான பெல்ட் பொறுக்காது. புல்லியின் ஒரு விளிம்பில் உராய்ந்து உராய்ந்து ஓரம் பிசிறடிக்கும், கறுப்புத் தூள் கொட்டும். அதனால் ஸ்விங் ஆர்ம் அச்சின் மையத்திலிருந்து ஆக்சில் மையம் வரை உள்ள தூரத்தை, முனை வளைத்த கம்பியாலும் ரப்பர் வளையத்தாலும் இடப்பக்கம் எடுத்து, அதே கம்பியை வலப்பக்கம் வைத்துப் பார்க்கிறோம். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் வண்டியை வெளியே விடுவதில்லை. ஆக்சில் நட்டை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முழு அளவுக்கு இறுக்கியதும் சக்கரம் சற்று நகரக்கூடும், எனவே டென்ஷன் (பெல்ட்டின் இறுக்கம்), அலைன்மென்ட் இரண்டையும் திரும்பவும் அளக்க வேண்டும். திருப்தியில்லை என்றால் நட்டைத் தளர்த்தி மறுபடி முதலிலிருந்து. நீங்கள் கொடுக்கும் கூலி நட்டைத் திருப்பியதற்கல்ல, இந்த இரண்டாம் மூன்றாம் அளவைக்கு.

குரல்பதிவுக்குக் கீழே சிலர் வேறு சில அறிவுரைகளும் கொடுத்திருக்கிறார்கள். அவற்றில் இரண்டை மட்டும் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். பெல்ட்டுக்குச் செயின் ஸ்பிரேயோ எண்ணெயோ அடிக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கில் மணல் ஒட்டும், வீராம்பட்டினம் கடற்கரை மணலும் ஆரோவில் பக்கத்துச் செம்மண் சரளையும் பெல்ட்டுக்கும் புல்லிப் பூச்சுக்கும் அரம். மென்சோப்பு கலந்த நீரால் கழுவினால் போதும். கழற்றிய பெல்ட்டைச் சுருட்டி மடித்து ஸ்கூட்டர் பெட்டிக்குள் திணித்தும் கொண்டுவராதீர்கள். கூர்மையாக மடிந்தால் உள்ளே இழை முறிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது, சாலையில்தான் அறும். பல்லின் அடியில் மயிரிழை போலத் தெரியும் கோட்டைக் கண்டு பதற வேண்டாம், கவனித்துக்கொண்டே ஓட்டலாம். பல் உதிர்ந்திருந்தாலோ, பல்லின் வெளிப்பக்கம் வெடித்திருந்தாலோ, கல் குத்தி விளிம்பு சேதமாகியிருந்தாலோ மாற்ற வேண்டியதுதான்.

ஆக்டிவா போன்ற ஸ்கூட்டர்களைக் கொண்டுவந்து 'பெல்ட் டென்ஷன்' கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவற்றில் இன்ஜின் பக்கத்து மூடிய பெட்டிக்குள் இருப்பது வேறு வகைப் பெல்ட். அதற்கு டென்ஷன் வைக்கும் வேலை கிடையாது, தேய்ந்தால் மாற்றுவதுதான். ஏதர் போன்ற மின்வண்டிகளில் பின்சக்கரத்துக்குப் பெல்ட் ஓட்டம் உண்டு. உத்தரவாதம் இருக்கும்வரை அதை நிறுவனத்தின் மையத்திலேயே பாருங்கள், அதுதான் உங்களுக்கு நல்லது.

2020-இல் ஹார்லி நிறுவனம் இந்தியாவில் தன் நேரடி விற்பனையையும் உற்பத்தியையும் நிறுத்துவதாக அறிவித்தபோது, 'இனி இந்த வண்டியை யார் பார்ப்பார்கள்?' என்று கவலையோடு வந்தவர்களில் பெரும்பாலோர் இன்றும் நம்மிடம்தான் இருக்கிறீர்கள். பெல்ட்டும் புல்லியும் வரவழைக்கும் விலை அதன் பிறகு ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. நம் மூத்த மெக்கானிக்கும் சென்ற மாதம் வளைகுடா வேலைக்குப் போய்விட்டார். நல்ல சம்பளம், குடும்பத்துக்குத் தேவை, மனதார வாழ்த்தித்தான் அனுப்பினோம். அவர் பழக்கிவிட்ட தம்பிகள் இருவரும் கேஜை நன்றாகவே கையாளுகிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு வண்டியின் கடைசி அளவையும் இப்போது நானே எடுக்கிறேன். வரும் மாதத்திலிருந்து பெல்ட் சோதனைக் கூலி 400 ரூபாய்க்குப் பதில் 650 ரூபாய், வண்டியை முந்தைய நாள் மாலையே விட வேண்டியிருக்கும்.

உங்களுக்கு நான் பட்ட நன்றிக்கடன் சொல்லி முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பட்டறைக்குள் தண்ணீர். மறுநாள் காலை, தங்கள் வீடுகளிலும் தண்ணீர் நின்றபோதே, முழங்கால் நீரில் நடந்துவந்து கருவிப் பெட்டிகளையும் அடுத்தவர்களின் வண்டிகளையும் மேடான இடத்துக்குத் தூக்கிவைத்தவர்கள் நம் வாடிக்கையாளர்கள்தான். பாகூர்ப் பக்கம் வெள்ளத்தில் நின்ற வண்டிகளைச் சேறு கழுவிச் சரிசெய்த அந்த டிசம்பர் முழுவதும், 'என் வண்டி அப்புறம், முதலில் அவருடையதைப் பாருங்கள்' என்று சொன்னவர்களும் நீங்கள்தான். அந்த நம்பிக்கையின் மேல் இப்படி ஒரு பழி விழுந்ததால்தான் இத்தனை நீளமாக எழுத வேண்டியதாயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சீட்டு தருவோம். கையேடு சொல்லும் அளவு, வண்டி வந்தபோது இருந்த அளவு, நாங்கள் வைத்த அளவு, இரு பக்க ஆக்சில் தூரம், அன்றைய கிலோமீட்டர் எல்லாம் அதில் இருக்கும். அதை வண்டிப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாராவது பெல்ட்டைத் தொட்டால், அவர்கள் வைத்த அளவையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். குரல்பதிவைக் கேட்டு மனதில் ஐயம் எழுந்தவர்கள், நாங்கள் வேலை செய்த வண்டி எதுவானாலும், காலை 9 மணிக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே அளந்து காட்டுகிறோம், அதற்குக் கூலி வேண்டாம். அருகில் இருப்பவர்கள் அன்று காலை வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே வந்தால், ஆறுவதற்காகக் காத்திருக்க வேண்டியதும் இருக்காது.

இப்படிக்கு,
அன்புடன்,
பட்டறை உரிமையாளர்,
முதலியார்பேட்டை, புதுச்சேரி