ஒரே மொழியை மூன்று வகுப்பாகப் பிரிக்காதீர்கள்: கலிபோர்னியாவில் உள்ள எங்கள் சமுதாயக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பயில்வோருக்கான மூன்றாம் நிலை எழுத்து வகுப்பு, மாலை நேரத்தில், தொடர்ந்து இரண்டாவது செமஸ்டராக முதல் வாரத்திலேயே ரத்தாகியிருப்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் 11 பேர் சேர்ந்திருந்தோம், போதாது என்றார்கள். அதே நிலையின் இலக்கண வகுப்பிலும் வாசிப்பு வகுப்பிலும் பாதி நாற்காலிகள் காலியாகவே இருக்கின்றன. இருக்கிற மாணவர்களை மூன்றாகக் கூறுபோட்டுவிட்டு, ஒவ்வொரு கூறிலும் ஆள் குறைகிறது என்று கதவைச் சாத்துவது எங்கள் குற்றமா?

இலக்கணம், வாசிப்பு, எழுத்து மூன்றையும் ஒரே வகுப்பாக்கித் தாருங்கள் என்பதே என் கோரிக்கை.

நான் பகலில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளராக வேலை செய்கிறேன். சென்ற நவம்பரில் ஒரு குழந்தை சறுக்குமரத்திலிருந்து விழுந்து உதட்டில் காயம் பட்டது. பக்கத்தில் நின்றவள் நான் என்பதால், மாலையில் பெற்றோர் வருவதற்குள் விபத்து அறிக்கையை நானே எழுத வேண்டியிருந்தது. நடந்தது அத்தனையும் கண்ணில் நிற்கிறது. எந்த வாக்கியத்தை முதலில் வைப்பது என்று தெரியவில்லை. எழுதி அழித்து, எழுதி அழித்து, தாள் கிழிந்தது. கடைசியில் உடன் வேலை செய்யும் பெண் நான் சொல்லச் சொல்ல எழுதினாள். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். அதற்கு முந்தைய வாரம்தான் இறந்தகால வினைகளைக் கோடிட்ட இடத்தில் நிரப்பும் தேர்வில் நூற்றுக்கு 92 வாங்கியிருந்தேன். ‘விழுந்தது’ என்பதற்கு ஆங்கிலம் எனக்குத் தெரியும். விழுந்த கதையைச் சொல்லத்தான் எந்த வகுப்பும் கற்றுத்தரவில்லை, கற்றுத்தரும் வகுப்பு நடக்கவும் இல்லை.

கலிபோர்னியாவில் 2018 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ஏபி 705 சட்டம், பட்டம் பெறவோ பல்கலைக்கழகத்துக்கு மாறவோ விரும்பும் எங்களைப் போன்றவர்கள் மூன்று ஆண்டுகளுக்குள் பல்கலைக்கழகம் ஏற்கும் ஆங்கிலப் பாடத்தை முடிப்பதற்கான வாய்ப்பை இயன்றவரை பெருக்க வேண்டும் என்று கல்லூரிகளுக்குச் சொல்கிறது. அதில் ஓர் ஆண்டை நான் ரத்தான ஒரே வகுப்புக்காகக் காத்திருந்து கழித்துவிட்டேன். இந்தச் சட்டத்துக்குப் பிறகு மாநிலத்தின் கல்லூரிகள் பல, தனித்தனி வகுப்புகளை ஒருங்கிணைத்து நிலைகளையும் குறைத்துக்கொண்டன. நாங்கள் இன்னும் யூனிட் எனும் பாட அலகுக்கு 46 டாலர் வீதம் இலக்கணத்துக்குத் தனியாக, வாசிப்புக்குத் தனியாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். குழந்தைப் பருவக் கல்வியில் 12 யூனிட் முடித்து, தேவையான பணி அனுபவமும் இருந்தால் இணை ஆசிரியை (அசோசியேட் டீச்சர்) அனுமதிச் சான்று பெறலாம். கட்டுரை எழுத வராமல் அந்த வகுப்புகளில் நான் எப்படித் தேறுவேன்?

வகுப்பு ரத்தானால் பாதிப்பு எங்களோடு முடிவதில்லை. எங்கள் ஆசிரியை பகுதி நேரப் பணியாளர். இங்கே பாடம் முடிந்ததும் வேறொரு கல்லூரிக்குக் காரோட்டிக்கொண்டு போகிறவர். இரவு ஒன்பதரைக்கு வாகன நிறுத்தத்தில் நின்றபடி என் பத்தியைத் திருத்திக் கொடுத்தவர் அவர். முதல் வாரத்தில் வகுப்பை ரத்து செய்தால், அந்த வருமானத்துக்கு ஈடாக வேறு வகுப்பை அவர் எங்கே தேடுவார்? பகல் மாணவர்களுக்கு இப்படி நேர்வதில்லை. வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்களின் படிப்பு மட்டும் ஏன் இவ்வளவு எளிதாக அட்டவணையிலிருந்து விழுந்துவிடுகிறது?

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். மூன்று வகுப்புகளையும் ஒன்றாக்குங்கள் என்பதை மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். புதிய பாடத்திட்டம் ஒப்புதல் பெறக் காலமாகும் என்பதை அறிவேன். அதுவரை, அடுத்த ஃபால் (இலையுதிர் கால) செமஸ்டரில் 11 பேரே சேர்ந்தாலும் மாலை எழுத்து வகுப்பை நடத்தித் தாருங்கள்.

இம்மடலை என் மகள் ஆங்கிலமாக்கி உங்களிடம் சேர்ப்பாள். அதை நானே எழுதியிருக்க வேண்டும்; அதற்காகத்தான் உங்கள் கல்லூரிக்கு வந்தேன்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு மாணவி ஒருத்தி