ஓடுகிற தண்ணீரையும் பிள்ளைகளுக்குப் படிப்பியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்கினால் உங்கள் பத்திரிகையில் வான்கதவு திறந்த செய்தி வரும், இரண்டு நாள் கழித்து யாரோ ஒரு பிள்ளையை வெள்ளம் கொண்டுபோன செய்தி வரும். 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆனாலும் கிட்டங்கியிலும் கிரான் பாலத்திலும் முழங்காலளவு தண்ணிதானே என்று மோட்டார் சைக்கிளை இறக்குகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

எங்கள் பிள்ளைகளில் பலருக்கு நீந்தத் தெரியும், வாவியிலும் குளத்திலும் குதித்து வளர்ந்தவர்கள். ஓடுகிற தண்ணீரைத்தான் அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது ஆளைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும், அதற்கு முன்னால் நல்ல நீச்சல்காரனும் ஒன்றும் செய்ய முடியாது.

என் தங்கச்சியின் மகன் ஏ.எல். எழுதிவிட்டு கித்துல்கலைக்குப் போய், களனி கங்கையில் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு ஓட்டப் பழகினான். பழக்கியவர் முதலில் படகைத் தொடவே விடவில்லையாம். கரையில் நிறுத்தி ஆற்றைப் பார்க்க வைத்திருக்கிறார்: தண்ணீர் எங்கே வழுவழுவென்று இறங்குகிறது, எங்கே பாறைக்குப் பின்னால் மேல்நோக்கித் திரும்புகிறது, எங்கே விழுந்த இடத்திலேயே புரண்டுகொண்டு நிற்கிறது. பாறைக்குப் பின்னால் ஒதுங்கி மூச்சு வாங்கலாம், புரளுகிற இடத்தில் மாட்டினால் படகையும் விடாது ஆளையும் விடாது. கவிழ்ந்தால் எழும்பி நிற்கப் பார்க்கக் கூடாது, கல்லுக்குள் கால் சிக்கினால் ஓட்டம் ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். மல்லாந்து, கால் இரண்டையும் ஓட்டம் போகிற பக்கம் நீட்டி மிதந்து, வேகம் தணிகிற இடத்தில் கரைக்கு நீந்த வேண்டும். விழுந்து கிடக்கும் மரம் இன்னும் பொல்லாதது. தண்ணீர் கிளைகளுக்குள்ளால் போய்விடும், ஆள் அதிலேயே சிக்கிக்கொள்வான். முதல் நாள் இறங்கிய இடத்தில் இரவு மழை பெய்திருந்தால் மறுநாள் இறங்க விடமாட்டார்களாம், அடம்பிடித்தாலும் இல்லைதான்.

ஊருக்கு வந்தவன் எங்கள் அணைக்கட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, வான் பாயக்க இதுக்குக் கீழ பொடியன்மாரக் குளிக்க விடாதீங்க. மேல பார்க்கச் சும்மா கிடக்கிற மாதிரித்தான் இருக்கும், ஆனா அந்த மேல்தண்ணிதான் திருப்பி அணைக்கட்டுப் பக்கமே இழுக்கும்." எத்தனை வருசமாக அந்த இடத்தில் குளிக்கிறோம், ஒருவரும் இதைச் சொன்னதில்லை. மண் அள்ளிய கிடங்குகளும் இப்போது அவன் கண்ணுக்குத் தெரிகின்றன, ஆற்றுக்குள் இப்படித் தோண்டினால் ஓட்டம் என்னாகும், குளிக்கிறவன் என்னாவான் என்று கோபமாகக் கேட்கிறான். ஆற்றில் இறங்கிப் பழகிய பிள்ளைக்குத்தான் அந்தக் கோபம் வரும்.

சரி, மட்டக்களப்பு வாவியில் அப்படி நுரைத்துப் பாயும் ஓட்டம் கிடையாதுதான். ஆனால் துடுப்பு போடவும், பாதுகாப்பு அங்கியோடு கவிழ்ந்து எழும்பவும், கரையில் நின்று கயிறு எறிந்து ஆளை இழுக்கவும் பழக வாவியை விட நல்ல இடம் எது? பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்புறம் வளர்ந்த பிள்ளைகளைத் தேர்ச்சி பெற்ற பழக்குநர்களோடு, தண்ணீர் அளவாக இருக்கும் நேரம் பார்த்துக் கித்துல்கலைக்குக் கூட்டிப்போகலாம். வெள்ளம் ஓடும்போது எங்கள் ஆறுகளில் படகை இறக்கச் சொல்லவில்லை, அதை யாரும் செய்யவே கூடாது.

கல்வி வலயங்களும் விளையாட்டுத் திணைக்களமும் கழகங்களும் சேர்ந்து, ஆறு வற்றிக் கிடக்கும் ஆடி ஆவணியிலேயே இதைத் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன் ஒரு தொகுதிப் பிள்ளைகளையாவது பழக்கிவிடலாம். அங்கியும் கயிறும் வாங்க எங்கள் ஊரில் பணம் சேர்த்துத் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
களுவாஞ்சிகுடி