அழுத்தக் குறியையும் சேர்த்து அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆங்கில உச்சரிப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எஃப், இசட் ஒலிகளுக்கு நாக்கையும் உதட்டையும் எங்கே வைப்பது என்று விரிவாக எழுதிய கட்டுரையாளர், சொல்லழுத்தத்தை, அதாவது ஒரு சொல்லில் எந்த அசையை அழுத்திச் சொல்வது என்பதை, ஒரே வரியில் கடந்துவிட்டார். என்னைக் கேட்டால், நேர்மாறாக எழுதியிருக்க வேண்டும். இசட்டை எஸ்ஸாகச் சொன்னாலும் கேட்பவர் பெரும்பாலும் புரிந்துகொள்வார். அழுத்தம் இடம் மாறினாலோ, வேறு ஏதோ சொல் என்று குழம்பிப்போவார்.

எண்களையே பாருங்கள். ஃபிஃப்டீனையும் ஃபிஃப்டியையும் பிரிப்பது கடைசியில் வரும் 'ன்' என்று நாம் நினைக்கிறோம். தொலைபேசியில் அந்த 'ன்' சரியாகக் காதில் விழுவதே அரிது. பதினைந்துக்கு அழுத்தம் 'டீன்' மீது, ஐம்பதுக்கு 'ஃபிஃப்' மீது. இரண்டுக்கும் முதல் அசையையே அழுத்தினால் பதினைந்து ஐம்பதாகிவிடும். (பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தால் ஃபிஃப்டீனின் அழுத்தமும் முன்னுக்கு நகர்ந்துவிடும். அதனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே சில சமயம் 'ஒன்று ஐந்தா, ஐந்து பூஜ்யமா' என்று கேட்டு உறுதி செய்துகொள்கிறார்கள்.)

அழுத்துவது என்றால் உரக்கக் கத்துவது அல்ல. அந்த அசை சற்று நீளும், குரல் சற்று ஏறும், உயிரொலி முழுமையாக ஒலிக்கும். அதைவிட முக்கியம், மற்ற அசைகள் மெலிவது. பனானாவை ஆங்கிலத்தில் எழுதினால் மூன்று 'ஏ'. நடுவில் இருப்பது மட்டும் முழுதாக ஒலிக்கும். முதலும் கடைசியும் மங்கலான ஓர் அகரமாகத் தேய்ந்துவிடும். ஷ்வா எனப்படும் இந்த ஒலிதான் ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிர். ஆனால் அதற்கென்று ஓர் எழுத்து கிடையாது. எழுதியிருக்கும் உயிரையெல்லாம் முழுதாக ஒலிக்கப் பார்க்கும் நமக்கு இந்த மெலிவுதான் கடினம். அதற்காக இது நமக்கு அடியோடு புதிது என்றும் சொல்ல மாட்டேன். 'நாக்கு', 'பாட்டு' என்னும்போது கடைசி உகரத்தை இதழ் குவிக்காமல் குறுக்கித்தானே சொல்கிறோம்? குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை என்று தொல்காப்பியமே அளந்து வைத்திருக்கிறது.

அழுத்தம் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. ஃபோட்டோகிராஃபில் முதல் அசை, ஃபோட்டோகிராஃபியில் இரண்டாவது, ஃபோட்டோகிராஃபிக்கில் மூன்றாவது. 'ஷன்', 'இக்' என்று முடியும் சொற்களில் பெரும்பாலும் அந்த விகுதிக்கு முந்தைய அசையில் விழும். ரெக்கார்ட் பெயர்ச்சொல்லானால் முதல் அசையிலும், வினையானால் இரண்டாவதிலும் அழுத்தம் வரும். இதையே விதியாகப் பிடித்துக்கொண்டு ரிப்போர்ட்டுக்குப் போனால் கதை வேறு; அது பெயரோ வினையோ, எப்போதும் இரண்டாவதுதான். ஆகவே ஒரு சொல்லைக் கற்கும் அன்றே அதன் அழுத்தத்தையும் கற்றுவிடுவது நல்லது. தப்பாகப் பதிந்ததைப் பிற்பாடு மாற்றுவது பெரும்பாடு. டெவலப், ஹோட்டல், கமிட்டி மூன்றுக்கும் ஆங்கிலத்தில் இரண்டாவது அசைதான். பலருக்கு வாயில் முதலாவதே வருகிறது. தமிழ் பேசும்போது ஹோட்டல் ஹோட்டலாகவே இருக்கட்டும், அதில் எனக்கு வழக்கு ஒன்றுமில்லை.

அகராதியில் விடை இருக்கிறது. உச்சரிப்புக் குறியீட்டில் அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால், மேலே சிறு செங்குத்துக் கோடு போட்டிருப்பார்கள். பலர் அதை ஏதோ மேற்கோள் குறி என்று எண்ணித் தாண்டிப் போகிறார்கள்.

உங்கள் இதழின் ஆங்கிலச் சொல் பகுதியில் எழுத்துக்கூட்டல், பொருள், எடுத்துக்காட்டு வாக்கியம் எல்லாம் வருகின்றன. அழுத்தம் மட்டும் இல்லை. அந்த ஓர் அசையைத் தடித்த எழுத்தில் அச்சிட்டால் போதும், கூடுதல் இடம் தேவைப்படாது. அட்வர்டைஸ்மென்ட் போன்ற சொற்களில் பிரிட்டனில் இரண்டாவது அசையையும், அமெரிக்காவில் பெரும்பாலும் மூன்றாவதையும் அழுத்துகிறார்கள். அப்படிப்பட்ட சொல் வரும்போது இரண்டையும் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்