கூட்டுப் பெயரில் வாங்கிய வீடு, பிரியும்போது

ஆசிரியருக்கு,

திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்து, நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஐந்து சென்ட், ஆறு சென்ட் மனையோ வீடோ இருவர் பெயரிலும் வாங்கியவர்கள் பிரியும்போது செய்யும் முதல் தவறு, முத்திரைத்தாளில் 'எனக்கு உரிமை இல்லை' என்று எழுதி வாங்குவது. பதிவு செய்யாத அந்தத் தாளால் உரிமை மாறாது. வில்லங்கச் சான்றிலும் பட்டாவிலும் இருவர் பெயரும் அப்படியே நிற்கும். ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினையோ பதிவு செய்திருக்க வேண்டும். குடும்ப உறுப்பினர்களுக்கான முத்திரைக் கட்டணச் சலுகை இவர்களுக்குக் கிடையாது என்பதால் செலவை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

பங்கு எவ்வளவு? பத்திரத்தில் விகிதம் எழுதியிருந்தால் அதுவே. இல்லையென்றால் 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவுப்படி அவரவர் போட்ட பணத்தின் விகிதம். அதை நிரூபிக்க முடியாவிட்டால் சரிபாதி. வங்கிக் கணக்கு அறிக்கையைப் பத்திரமாக வைக்கச் சொல்வது இதற்குத்தான். நகை விற்றுக் கையில் கொடுத்த பணத்துக்குச் சாட்சி ஏது?

பணம் ஒருவருடையது, பத்திரம் மற்றவர் பெயரில் மட்டும் என்றால் சிக்கல் பெரிது. ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் சொத்து வாங்குவதைத் தடுக்கும் பினாமிச் சட்டம் கணவன், மனைவிக்குத் தரும் விலக்கு இவர்களுக்குப் பொருந்தாது.

வீட்டுக்கடன் பாக்கி இருந்தால் முதலில் வங்கியிடம் போக வேண்டும். பங்கை எழுதிக்கொடுத்தாலும், வங்கி எழுத்தில் விடுவிக்கும்வரை கடனாளி கடனாளிதான்.

உடன்பாடு வராவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு. சின்ன வீட்டைச் சுவர் வைத்துப் பிரிக்க முடியாது. பாதி அல்லது அதற்கு மேல் பங்குள்ளவர் கேட்டால் 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி நீதிமன்றம் விற்கச் சொல்லலாம். அப்போது, விற்கக் கேட்டவரின் பங்கை நீதிமன்றம் மதிப்பிட்ட விலைக்கு மற்றவர் வாங்கிக்கொள்ளக் கோரலாம்.

- ஓர் ஆவண எழுத்தர், தக்கலை