முதலில் அவனிடம் கேள்

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்குப் பிறகு தம்பியை உன்னோடு அழைத்துக்கொள்வதாகவும், இப்போதே சட்டப்படி அவனுக்குப் பாதுகாவலர் ஆகிவிட்டால் பின்னால் சிக்கல் வராது என்றும் எழுதியிருந்தாய். மனசு நிறைந்துபோனது. இத்தனை வருடம் ராத்திரியில் என்னைத் தூங்கவிடாத கேள்விக்கு, நான் கேட்காமலேயே நீ பதில் சொல்லியிருக்கிறாய். ஆனால் அந்த நான்கு பக்கத்தில் தம்பி என்ன சொன்னான் என்று ஒரு வரிகூட இல்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் அதைக் கற்றுக்கொண்டாய்.

டாக்டர் அவனிடம் ஒன்று கேட்டால் நான் பதில் சொல்வேன். என்ன சட்டை வேண்டும் என்று அவனைக் கேட்டால் நான் நிறம் சொல்வேன். "வாயில்லாப் பூச்சி, நாம்தான் பேச வேண்டும்" என்று உன்னிடமே எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அவனுக்கு வாய் இருந்தது. வார்த்தை வரக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். அந்த நேரத்தை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை.

போன வருடம் அவன் கன்னத்தில் அறைந்துகொண்டதை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. அவன் இருக்கும் பராமரிப்பு இல்லத்துப் பதிவேட்டில் 'முரட்டுத்தனம்' என்று எழுதினார்கள். மருத்துவர், அவனைப் போல் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு இப்படி வருவதுதான் என்று சொல்லி, அமைதிப்படுத்த மாத்திரை கொடுத்தார். நானும் தலையாட்டினேன். ஐந்து வாரம் போனது. புதிதாக வந்த ஒரு பணியாளர்தான் முகம் வரைந்த அட்டையை அவன் முன்னால் வைத்து, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் கழித்து அவன் கடைவாய்ப் பக்கம் விரலை வைத்தான். பல்லின் அடியில் சீழ் பிடித்திருந்தது. ஐந்து வாரமும் அவன் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறான். எந்த வலி வந்தாலும் அதைக் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடும் இந்தப் பழக்கத்துக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறதாம். அப்படியென்றால் எத்தனை பேருக்கு இது நடந்திருக்க வேண்டும்!

அதற்கப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1974-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், நம் தம்பியைப் போன்றவர்களே கூடித் தங்களுக்கென ஒரு மாநாடு நடத்தியிருக்கிறார்கள். மற்றவர்கள் ஒட்டிய பட்டம் எதுவும் வேண்டாம், நாங்கள் முதலில் மனிதர்கள் என்று சொல்லி, அமைப்புக்கும் அதே பொருளில் 'பீப்பிள் ஃபர்ஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். நியூசிலாந்தில் ராபர்ட் மார்ட்டின் என்று ஒருவர். குழந்தையிலேயே பெரிய காப்பகம் ஒன்றில் விடப்பட்டவர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை உருவானபோது அங்கே போய்ப் பேசினார். அது 2006-இல் நிறைவேறியது. அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழுவுக்கு 2016-இல் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் முறை. இதைப் படித்த அன்று, தம்பிக்குப் பதிலாக நான் சொன்ன பதில்களையெல்லாம் நினைத்து அழுதேன்.

அந்த உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவைத்தான் நீ படிக்க வேண்டும். சட்டத்தின் முன் அவனும் மற்றவர்களுக்குச் சமம். முடிவெடுக்க உதவி தேவையென்றால் அந்த உதவியைச் செய்து தர வேண்டும் என்கிறது. முடிவெடுக்கும் உரிமையையே இன்னொருவர் கையில் கொடுத்துவிடும் ஏற்பாட்டுக்குப் பதிலாக, துணையோடு முடிவெடுக்கும் ஏற்பாடு வர வேண்டும் என்று 2014-இல் அந்தக் குழு விளக்கமும் தந்திருக்கிறது. பாதுகாவலர் ஆவதற்கு நீ கேட்கும் கையெழுத்து முதல் வகை. நான் உன்னிடம் கேட்பது இரண்டாவது.

துணையாக இருப்பது லேசான வேலை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். "இது உனக்குச் சரியா?" என்று கேட்டால் அவன் "சரி" என்பான். எதற்கும் சரி என்பான், ஏனென்றால் சரி என்றால் நாம் சிரிக்கிறோம். அதனால் இதுவா, அதுவா என்று இரண்டையும் காட்டிக் கேட்க வேண்டும். கொஞ்சம் கழித்து வரிசையை மாற்றி இன்னொரு தடவை கேட்க வேண்டும். எழுதித் தருவதானால் சின்னச் சின்ன வாக்கியமாக, பக்கத்திலேயே படம் வைத்துத் தர வேண்டும். மனதுக்குள் பத்து எண்ணும் வரை வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு இதில் கடைசிதான் இன்னும் கஷ்டம்.

இல்லத்தில் எட்டரைக்கு எல்லோரையும் படுக்க வைத்துவிடுவார்கள். ஒன்பதுக்குப் பணியாளர்கள் முறை மாறுவதால் அப்படி. போன மாதம் அவனுடைய பராமரிப்புத் திட்டத்தைப் பேசும் கூட்டத்தில் வழக்கம்போல எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் குனிந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறையே சங்கடப்பட்டது. அப்புறம் அவன் சொன்னான்: "எட்டரை வேண்டாம். பாட்டு முடியணும்." இப்போது பத்து மணிக்குத்தான் படுக்கிறான்.

பணியாளர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. குறைந்த சம்பளம், நீண்ட நேர வேலை. ஒருவர் அவனுடைய சைகைகளைப் பழகி முடிப்பதற்குள் வேலையை விட்டுப் போய்விடுகிறார். வருகிறவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நல்ல பராமரிப்பு வேண்டுமென்றால் அவர்களையும் நன்றாக நடத்த வேண்டும். இனி ஆள் எடுக்கும்போது அங்கே வசிப்பவர்களும் நேர்காணலில் உட்காரட்டும் என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். முதல் ஆளிடம் தம்பி கேட்டது: "கதவைத் தட்டுவீங்களா?" இத்தனை வருடத்தில் அவன் அறைக் கதவை நானும் தட்டியதில்லை.

சரி, இப்போது உனக்குக் கஷ்டமாக இருக்கப்போகும் செய்தி. அவனிடம் கேட்டேன். இரண்டு நாள் விட்டு மறுபடியும் கேட்டேன். அவனுக்கு உன் வீட்டுக்கு வர விருப்பமில்லை. இல்லத்தில் இருக்கும் நண்பனோடு தனியாக ஒரு சின்ன வீட்டில், உதவிக்கு ஆள் வந்துபோக, இருக்க வேண்டுமாம். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அடுப்பை நினைத்தால் பயம், மாத்திரை வேளையை நினைத்தால் பயம், யாராவது ஏமாற்றிவிடுவார்களோ என்று பயம். ஒவ்வொன்றாக எழுதி, எதற்கு என்ன உதவி வேண்டும் என்று அவனோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு நீயும் வா. எதிரே உட்காராதே, அவன் பக்கத்தில் உட்கார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை இதைப் பற்றி அவனே உன்னோடு போனில் பேசுவான். எண்ணை அவனே அழுத்துவான். நீ எடுத்ததும் கொஞ்ச நேரம் சத்தமே வராது. "அம்மா இருக்காங்களா?" என்று கேட்காதே. நான் பக்கத்து அறையில் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா