டெக் ரிப்பேருக்குப் போன வருசம்

தம்பி,

பசியாறியாச்சா? நானும் அம்மாவும் நல்லாருக்கோம். நாலு நாளா மழ விடல, சுங்கை சிப்புட் டவுன்ல கானெல்லாம் ரொம்பி ஓடுது. சின்னம்மா மக கல்யாணத்துக்கு தேதி வெச்சாச்சு, அத அம்மா சொல்வா.

நான் எழுதுறது டிவி விசயமா. நீ தீவாளிக்கு வாங்கி மாட்டிட்டு போனியே, அதுல இப்ப நாங்க படம் பாக்கறதில்ல, அதனால ஒரு குறையும் இல்ல, நீ அத நெனச்சு மனசப் போட்டு கொழப்பிக்காத. அம்மாவுக்கு கவர்மென்ட் டிவி ஆர்டிஎம்மும் மின்னல் ரேடியோவும் போதும். நான் ஸ்டோர்லருந்து பழைய வீடியோ டெக்க எடுத்து தொடச்சு வெச்சிருக்கேன். எனக்கு என்னமோ அந்தக் காலத்து சாமான்தான் சரின்னு படுது.

தெளிவு புதுசுலதான், அத நான் இல்லங்கல. கேசட்டுல 240 கோட்டுக்கு மேல தெளிவு வராது, மூஞ்சியெல்லாம் கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும். ஆனா ஒரு தடவ காசு குடுத்து வாங்குனா அது நம்மளது, இருவது வருசம் கழிச்சும் போடலாம், யாரும் வந்து புடுங்க மாட்டான். மூணு மணி நேர கேசட்டுல ஒரு தமிழ்ப்படம் முழுசா அடங்கிடும், விசிடி வந்தப்பறம்தான் ரெண்டு தட்டு மூணு தட்டுன்னு நடுவுல எந்திரிச்சு மாத்துனோம். இப்ப புது டிவில படம் பாக்கறதுக்கு மாசா மாசம் காசு கேக்குது, ஒரு மாசம் போகலன்னா கதவ சாத்திடுது. மாசா மாசம் காசு கேக்குறது எதுவும் நம்மளது இல்ல தம்பி, லோன் போட்டு வாங்குன காடியும் அப்படித்தான், கிரெடிட் கார்டும் அப்படித்தான்.

கேசட்டுக்கும் சீக்கு வரும், அதையும் சொல்லணும். நம்ம ஊரு ஈரத்துக்கு நாடா ஓரத்துல வெள்ளையா பூசணம் புடிச்சிக்கும், அப்படியே டெக்குல போட்டா நாடாவ படிக்கிற ஹெட்டுல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவிடும். அந்த ஹெட் உருளை நிமிசத்துக்கு 1500 தடவ சுத்துறது, ஸ்பிரிட் நனச்ச துணிய வெச்சு பக்கவாட்டுலதான் தொடைக்கணும், மேலயும் கீழயும் இழுத்தா ஒடஞ்சு போயிரும். உனக்கு சொல்லிக் குடுத்திருக்கேன், ஞாபகம் இருக்கா? உன் பரிசளிப்பு கேசட்டுல மட்டும் ஒரு பொட்டு பூசணம் இல்ல, அரிசி டின்னுல வெச்சு காப்பாத்தியிருக்கேன். ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் பரீட்சைல 7ஏ எடுத்துட்டு காந்தி கலாசாலை பள்ளிக்கூட மேடைல நின்னியே, பால் மரம் வெட்டுறவன் மகன்னு தலையாசிரியர் மைக்குல சொன்னாரு, அது அதுலதான் இருக்கு. அப்படிப்பட்ட பிள்ள மூணு வாரமா அம்மாவுக்கு ஒரு போன் போடல. போட்டாலும் மீட்டிங்ல இருக்கேன் மீட்டிங்ல இருக்கேன்னு வெச்சிடுற. நேரத்துக்கு சாப்பிடுறியா இல்லையா? மருமக எப்படி இருக்கு?

இந்த டெக் விசயத்துல உங்கிட்ட ஒண்ணு சொல்லாமயே வெச்சிருந்தேன். 1998ல, உனக்கு எட்டு வயசு, நம்ம கருப்பு டெக் ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொன்னேன்ல, அது ரிப்பேருக்குப் போகல. லோரிக்காரர் ஒருத்தருக்கு வித்துட்டேன். அப்ப எனக்கு வேல இல்ல, காலைல எப்பவும் போல மோட்டாரத் தள்ளிக்கிட்டு கெளம்பி ஈப்போ ரோட்டுல கோப்பிக் கடைல உக்காந்துட்டு மத்தியானம் வருவேன், அம்மாவுக்குக்கூட ரெண்டு மாசம் தெரியாது. நீ தெனமும் வாசல்ல நின்னு அப்பா டெக்கு ரெடியாயிருச்சான்னு கேப்ப, நான் பார்ட்ஸ் வரலன்னு சொல்வேன். அப்பறம் வேல கெடச்சு செகண்ட்ஹேண்டுல ஒண்ணு வாங்கியாந்து ரெடியாயிருச்சுன்னு வெச்சேன், அது சாம்பல் கலரு. நீ அதையே பாத்துக்கிட்டு நின்ன. ஒண்ணும் கேக்கல. அன்னைக்கு நீ கேட்டிருந்தா நான் அழுதிருப்பேன், அதனாலதான் நீ கேக்கலன்னு நெனச்சுக்கிட்டேன். எட்டு வயசுப் பிள்ளைக்கு வாய மூடிக்க கத்துக் குடுத்தது நான்தான், நான் செஞ்சது தப்பு.

அதே சாம்பல் டெக்குதான் இப்ப மேசைல இருக்கு. உண்மைய சொல்றேன், அது ஓடல. லைட்டு எரியுது, கேசட்ட உள்ள இழுக்குது, சுத்த மாட்டேங்குது, ரப்பர் பெல்ட் தளந்து போச்சு, ரப்பர் பழசானா என்னாகும்னு எனக்குத் தெரியாதா. ஜப்பான்ல டெக் செய்றதையே 2016ல நிப்பாட்டிட்டாங்க, இனிமே பெல்ட்ட தேடித்தான் புடிக்கணும்.

புது டிவிய தொறந்தா பேமெண்ட் ஆகலன்னு எழுத்து வருது, ரெண்டு மாசமா. அம்மாகிட்ட நான் லைன் சரியில்லன்னு சொல்லி வெச்சிருக்கேன். எங்கிட்ட வேல செஞ்சப்ப புடிச்சு சேத்த ஈபிஎஃப் காசு கொஞ்சம் அப்படியே கெடக்கு, எனக்கு என்ன செலவு, மருந்து கவர்மென்ட் ஆஸ்பத்திரில வாங்கிக்கிறேன். அம்மா வெள்ளிக்கிழம சாயங்காலம் ஆறரைக்கு கோயிலுக்குப் போனா எட்டு மணிக்குத்தான் வருவா. அந்த நேரத்துல நேரா என் போனுக்கு அடி. நேரத்துக்கு சாப்பிடு.

அப்பா